சகலைக்குக் கிடைத்த நேர்மை

என் சகலைக்கு நேர்மை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கீழேயிருந்து கத்தினார்.

“உங்க சகலைக்கு நேர்மையாம்பா! முதல் ஆளாப் போய் நின்னு வாங்கிட்டாராம்!”

சகலைக்குக் காய்ச்சல் என்றிருந்தால் நம்பியிருப்பேன். பதவி உயர்வு என்றிருந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நம்பியிருப்பேன். நேர்மை என்றதும் கிரீஸ் டப்பா கைநழுவிக் குழிக்குள் விழுந்தது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை கேள்விப்பட்டதுண்டு. பூனைக்குப் பேட்ஜ் குத்தி, கைதட்டி வைத்த கதையை அன்றுதான் கேட்டேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது லிஃப்ட் செய்து விற்கும் கம்பெனியில். நான் பராமரிப்புப் பிரிவில் மெக்கானிக். அவர் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பு. அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டிக்கொண்டதால் வந்த உறவு. அவர் எனக்கு முந்திக் கல்யாணம் செய்துகொண்டார், அதனால் மூத்த மாப்பிள்ளை ஆனார். இதில் அவர் திறமை என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கு முடி கொட்டவில்லை. அவர் பிள்ளை கணக்கில் முதல் மார்க். அவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போன டிரில்லிங் மெஷின்கூட அவர் வீட்டில் நன்றாக ஓடுகிறது. என்னிடம் இருந்தவரை திக்கித் திக்கித்தான் ஓடியது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்டால், “அது என்னோடதுதானே சகலை?” என்று வாஞ்சையாகச் சிரிப்பார்.

அந்த ஆளுக்கு நேர்மை.

விஷயம் இதுதான். கம்பெனியில் புதிதாக விழுமியப் பிரிவு என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக்கு ஆதாரமான விழுமியம் எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேட்ஜாகச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அதன்பிறகு டீ குடிப்பதிலிருந்து லீவு போடுவதுவரை எல்லா முடிவையும் அந்த விழுமியத்தைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரே விழுமியத்தை இரண்டு பேர் வைத்திருந்தால் வேலை இரட்டிப்பாகிவிடும் என்பதால் ஆளுக்கு ஒன்றுதான். ஒருவர் எடுத்தது அடுத்தவருக்குக் கிடையாது. பொது மேலாளர் முன்மாதிரியாகக் குடும்பம் என்ற விழுமியத்தை எடுத்துக்கொண்டார். அதே வாரம் அவருடைய மைத்துனர் விழுமிய அதிகாரியாக நியமிக்கப்பட்டார். கொள்கை என்று வந்துவிட்டால் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா?

நான் கைகழுவி, கோட்டு மாட்டி, விழுமிய அதிகாரியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பெரிய சோஃபா ஒன்றில் அவர் சாய்ந்திருந்தார். சட்டையில் எளிமை என்று பேட்ஜ்.

“என்ன பார்க்கறீங்க? சோஃபாவா? எனக்கு எளிமை. அதனால ஒண்ணே ஒண்ணு போதும்னு சொல்லிட்டேன். ஒண்ணைப் பெரிசா வாங்கிட்டா ரெண்டாவது தேவைப்படாது பாருங்க.”

“சார், என்ன மிச்சம் இருக்கு?”

டிராயரைத் திறந்து ஒரே ஒரு பேட்ஜை எடுத்தார். விட்டுக்கொடுத்தல்.

“சார், இது வேண்டாம் சார். உழைப்பு, பொறுப்பு, அந்த மாதிரி ஏதாவது...”

“உழைப்பை வரவேற்பறை அம்மா எடுத்துட்டாங்க. பொறுப்பை எடுத்தவர் லீவுல போயிட்டார். இது உங்களுக்குன்னே காத்திருக்குங்க. மத்தவங்க எல்லாரும் இதைத் தொட்டுப் பார்த்துட்டு வெச்சுட்டாங்க. நீங்க மட்டும் லேட்டா வந்தீங்க. அதாவது எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தீங்க. விழுமியம் உங்களை எப்பவோ தேர்ந்தெடுத்தாச்சு.”

லேட்டானது லிஃப்டில் வேலை இருந்ததால் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பேட்ஜைத் தூக்கிப் பார்த்தாள்.

“அக்கா போன் பண்ணினா. அத்தானுக்கு நேர்மையாம். வீடு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. உங்களுக்கு என்னன்னு கேட்டா. நான் சார்ஜ் தீருதுன்னு வெச்சுட்டேன்.”

“நேர்மையாம் நேர்மை. நம்ம டிரில்லிங் மெஷினை...”

“அதைக் கேட்டு வாங்கத் துப்பில்ல. விட்டுக்கொடுத்தல்னு சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.”

உள்ளே கட்டிலில் மாமனார் இருந்தார். அவருக்கு முகச்சவரம் செய்யும் நேரம் அது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தார். தாடையில் நுரை தடவி, கன்னத்தை இழுத்துப் பிடித்து ரேசரை வைத்தேன். நுரைக்கு நடுவிலிருந்து அவர் சொன்னார்:

“மூத்த மாப்பிள்ளைக்கு நேர்மையாமே? அவர் முகத்துலயே தெரியும் அது.”

கையில் ரேசர் இருக்கும்போது ஒரு மனிதரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனாலும் ஒரு கீறல் விழாமல் முடித்தேன். என் பொறுமைக்கு ஒரு பேட்ஜும் இல்லை. அதை யாரோ கணக்குப் பிரிவில் வாங்கிப் போய்விட்டார்கள்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவரைச் சுற்றித்தான். பஸ் கண்டக்டராக இருந்தவர். காலை முதல் ராத்திரிவரை முகங்களாகப் பார்த்தே காலம் தள்ளியவர். எங்கள் வீடு கம்பெனி குவார்ட்டர்ஸின் நாலாவது மாடியில். லிஃப்ட் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு லிஃப்ட் கிடையாது. கேட்டபோது, நாம் விற்பதற்காகச் செய்கிறோம், ஏறுவதற்காக அல்ல என்று பதில் வந்தது. மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டுவந்து ஏற்றினோம். அத்தோடு சரி. இறக்குவது பெரிதில்லை, மறுபடி ஏற்ற யார் வருவார்கள்? ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். தெருவைப் பார்ப்பார். நாலாவது மாடியிலிருந்து தெரிவதெல்லாம் தலைகள்தான்.

“எல்லாருக்கும் உச்சியில வழுக்கை விழுது மாப்பிள்ளை,” என்பார். பிறகு கொஞ்சம் கழித்து, “மூஞ்சியைப் பார்த்துத்தான் எவ்வளவு நாளாச்சு,” என்பார்.

தரைத்தளத்து வீட்டில் இருந்த கணக்கர் ஓய்வு பெறவிருந்தார். வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் ஒரே ஒரு படி. அந்த வீட்டில் நான் மனசுக்குள் எப்போதோ குடியேறிவிட்டேன். மாமனாரின் நாற்காலியை எந்த மூலையில் போட்டால் தெரு நன்றாகத் தெரியும் என்பதுவரை முடிவாகியிருந்தது. இரண்டாவது மாடியில் இருக்கும் சகலைக்கும் அந்த வீடு வேண்டுமாம். அவர் புது ஸ்கூட்டருக்கு வெயில் ஆகாதாம்.

விட்டுக்கொடுத்தலின் மகிமை மறுநாளே தெரிந்தது. கேன்டீனில் என் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழச் சொன்னேன். அவர் என் பேட்ஜைக் காட்டினார். லீவு கேட்டேன், அதே நாளில் வேறொருவர் கேட்டிருக்கிறார் என்றார்கள். யார் என்று கேட்டதற்கு, “இனிமே யாராவது கேட்பாங்க, இருக்கட்டும்,” என்றார்கள். என் குடை, என் ஸ்பானர், மாடிப்படியின் கைப்பிடி இருக்கும் பக்கம், எல்லாம் போயிற்று. இளைத்தவனைக் கண்டால் எருதும் மச்சான் முறை கொண்டாடும் என்பார்கள். என்னிடம் எருது மட்டும்தான் வரவில்லை.

சகலைக்கோ நாளுக்கு நாள் கொடி பறந்தது. ஒருநாள் மதியம் வந்தார். “தூங்கிட்டேன்,” என்றார். நேர்மையாகச் சொன்னதற்காக அறிவிப்புப் பலகையில் அவர் படம் போட்டார்கள். நானும் ஒருநாள் தூங்கிப் பார்த்தேன், மெமோ கொடுத்தார்கள். இன்னொரு நாள் கிடங்கில் தணிக்கைக்கு வந்தார்கள். கம்பிவடச் சுருள் குறைகிறது. சகலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“ஆமா, குறையுது. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல விரும்பல.”

விழுமிய அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு வெளிப்படையாச் சொல்றார் பாருங்க! தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? மனுஷன் சொல்லலையே!”

தணிக்கைக்காரர்களும் கைதட்டினார்கள். நான் மட்டும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு டீச்சரம்மா. நாங்கள் நான்கு மெக்கானிக்குகள் போனோம். சாதாரணமாக நான்கு நிமிட வேலை. ஆனால் இப்போது யாரும் விழுமியத்தைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. துணிவு பேட்ஜ்காரர் கம்பிவடத்தைப் பிடித்து இறங்குகிறேன் என்றார். திட்டமிடல் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தார். பணிவு, தான் முந்தக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“உள்ள இருக்கறவங்களோட ஆதார விழுமியம் என்னன்னு கேட்டீங்களா?” என்றார்.

கதவிடுக்கு வழியாகக் கேட்டேன்.

“முதல்ல கதவைத் திறய்யா! வெளிய வந்து உனக்கு விழுமியம் காட்டறேன்!” என்றார் டீச்சரம்மா.

“அவசரம்னு போட்டுக்கங்க,” என்றார் அதிகாரி. “அது நம்ம பட்டியல்லயே இல்ல. கொஞ்சம் இருங்க, அத்தானை, அதாவது பொது மேலாளரைக் கேட்டுச் சொல்றேன்.”

அத்தானைக் கேட்கப் போனவர் திரும்பி வரவில்லை. நான் மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கை விட்டு, கையால் சுற்றி லிஃப்டை மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். டீச்சரம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. காப்பாற்றும் வாய்ப்பை மற்ற மூவருக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லையாம்.

வீடு ஒதுக்கீட்டுக்கு நேர்காணல் வைத்தார்கள். பொது மேலாளர் நடுவில், மைத்துனர் வலப்பக்கம், எதிரில் நானும் சகலையும். சகலை அன்று தலைக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொது மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

“நான் இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேர்ந்து எந்த முடிவும் எடுத்ததில்ல. எடுத்தா தப்பாப் போயிடுமோன்னு ஒரு பயம். விழுமியம் வந்தப்புறம் முடிவெல்லாம் தானா எடுத்துக்குது. தப்பாப் போனாலும் அது விழுமியத்தோட தப்பு. ராத்திரி நல்லாத் தூங்கறேன். சரி, யாருக்கு எதுக்கு வீடு?”

சகலை எழுந்தார்.

“ஐயா, எனக்காகக் கேட்கல. என் மாமனார் நடக்க முடியாதவர். அவரை என்கூட வெச்சு, கடைசிவரைக்கும் கண்கலங்காமக் காப்பாத்தணும். அதுக்குத்தான்.”

நான் துள்ளி எழுந்தேன். “ஐயா, மாமா என் வீட்டுல இருக்கார்! இவர் ரெண்டாவது மாடியிலேர்ந்து நாலாவது மாடிக்கு ஒருநாள்கூட ஏறி வந்து பார்த்ததில்ல. கேட்டா மூட்டுவலிம்பார். சொல்றது அத்தனையும் பொய்!”

விழுமிய அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவர் சட்டையில நேர்மை இருக்கு. அவர் பொய் சொன்னார்னா பேட்ஜுக்கு என்ன மதிப்பு? பேட்ஜுக்கு மதிப்பு இருக்கு. அதனால அவர் பொய் சொல்லல. நீங்க விட்டுக்கொடுத்துடுங்க. உங்களுக்குக் கஷ்டமே இருக்காது, அதுதானே உங்க ஆதாரம்?”

அதுவரை அடக்கியது எல்லாம் அப்போது பொங்கிவிட்டது. பேட்ஜைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன்.

“இது என்னோடது இல்ல சார். நான் எதையும் மனசார விட்டுக்கொடுத்ததே இல்ல. என் ஆதாரம் என்னன்னு எனக்குத் தெரியும். பொறாமை. காலையில எழுந்ததும் இவர் வீட்டுல லைட் எரியுதான்னு பார்த்துட்டுத்தான் பல் விளக்கறேன். இவர் நீலச் சட்டை எடுத்தா அன்னிக்கே நானும் எடுக்கறேன். இவர் பிள்ளை மார்க் தெரிஞ்ச பிறகுதான் என் பிள்ளையைத் திட்டறதா கொஞ்சறதான்னு முடிவு பண்றேன். நான் பார்க்கற வேலை, போடற செருப்பு, கட்டின சீட்டு, எல்லாம் பொறாமையிலதான். உங்க ஆபீஸ்ல விழுமியத்தைக் கேட்டு முடிவெடுக்கற ஒரே ஆள் நான்தான் சார்!”

வேலை போயிற்று என்று நினைத்தேன். விழுமிய அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“இதைத்தான்! இதைத்தான் இத்தனை நாளாத் தேடினேன்! ஒரு மனுஷன் தன்னைத் தானே கண்டுபிடிச்சிருக்கான்!”

அன்றே எனக்குப் பொறாமை என்று புது பேட்ஜ் அடித்துக் குத்தினார்கள். படமெடுத்தார்கள். சகலையின் படத்தைக் கழற்றிவிட்டு அறிவிப்புப் பலகையில் என் படம். ஒரு கணம் உலகமே என் கையில் இருந்தது.

“அப்போ வீடு எனக்குத்தானே சார்?”

பொது மேலாளர் தலையைச் சொறிந்தார். “அதெப்படிங்க? வீடு உங்களுக்குக் கிடைச்சுட்டா உங்க பொறாமை என்ன ஆகும்? தீர்ந்துடும். இப்பத்தான் முளைவிட்டிருக்கிற ஒரு விழுமியத்தை நாங்களே கிள்ளி எறியறதா? உங்க நன்மைக்காகத்தான் சொல்றேன். வீடு அவருக்கு.”

அந்த வாரமே சகலை தரைத்தளத்துக்குக் குடிபோனார். ஸ்கூட்டர் நிழலில் நின்றது. நாலாவது மாடியிலிருந்து அதன் இருக்கை மட்டும் தெரிந்தது. மாமனாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஜன்னலில் பார்த்துவிட்டு, “மூத்த மாப்பிள்ளை கெட்டிக்காரர்,” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது புகழ்ச்சி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசலில் பயங்கரமாக மூச்சிரைப்பு கேட்டது. கதவைத் திறந்தால் சகலை. நாலு மாடி ஏறி வந்திருந்தார். நெற்றியில் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

“சகலை... நாளைக்கு விழுமிய அதிகாரி வீட்டுக்கு வர்றாராம். மாமாவோட என்னைச் சேர்த்துப் படம் எடுத்துக் கம்பெனி பத்திரிகையில போடணுமாம். மாமாவை ஒரே ஒருநாள் குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்.”

டிரில்லிங் மெஷின் வாங்கியபோதும் இதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. அந்த ருசியை ஒரு நாளாவது வைத்துச் சப்ப வேண்டாமா?

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

“கீழயா மாப்பிள்ளை? தெருவாசலுக்கா?”

திரும்பிப் பார்த்தேன். ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல எந்தப் பேட்ஜாலும் ஆகாது. மனைவி ஏற்கெனவே அவர் துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மடித்தாள்.

துணிவும் திட்டமிடலும் பணிவும் வந்தார்கள். யாரும் போன் போடவில்லை, யாரும் படம் வரையவில்லை. நாற்காலியின் நான்கு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து மாமனாரை இறக்கினோம். லிஃப்ட் கம்பெனி குவார்ட்டர்ஸில் முதல்முறையாக லிஃப்ட் இயங்கியது. வாசல் படியில் நாற்காலியை வைத்ததும் மாமனார் தெருவில் போன ஒரு மனிதரை முகத்துக்கு நேராகப் பார்த்தார். “உள்ள போங்க சார், உள்ள போங்க, இடம் இருக்கு!” என்றார். அந்த ஆள் திகைத்துப் போய்ச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார்.

படம் எடுக்க வந்த விழுமிய அதிகாரி பூரித்துப் போய்விட்டார். இனி மாதாமாதம் வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு சகலைக்கு வழி அடைபட்டது. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தர முடியாமல் அவர் தவித்த ஒரே சந்தர்ப்பம் அது.

அடுத்த வாரம் கிடங்குக்குப் போல்ட் வாங்கப் போனேன். சகலை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண்ணில் தூக்கமில்லை.

“மாமாவுக்கு என்னதான் செஞ்சீங்க நீங்க? நான் சோறு குடுத்தா, சின்ன மாப்பிள்ளை பிசைஞ்சு குடுப்பார்ங்கறார். சவரம் பண்ணினா, சின்ன மாப்பிள்ளை கை வெண்ணெய், நீங்க என்ன புல்லா வெட்டறீங்கன்னு கேட்கறார். தெருவுல போறவன் வர்றவன் அத்தனை பேர்கிட்டயும் நாலாவது மாடியைக் காட்டி, அங்க இருக்கார் என் மாப்பிள்ளைன்னு சொல்றார்.” குரலைத் தாழ்த்தினார். “நேர்மையாச் சொல்றேன் சகலை. எனக்கு உங்க மேல பொறாமையா இருக்கு.”

அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் உண்மை அது.

“பேட்ஜை மாத்திக்கலாம்னு அதிகாரிகிட்டப் போனேன். பொறாமையை உங்களுக்கு ஒதுக்கியாச்சாம். அதனால எனக்குப் பொறாமை இருக்க முடியாதாம். நீங்களாப் பார்த்து விட்டுக்கொடுத்தா உண்டுன்னார்.”

“விட்டுக்கொடுத்தல் இப்போ காலியாத்தான் கிடக்கு சகலை. டிராயர்ல இருக்கும், போய் வாங்கிக்கங்க,” என்றேன்.

அன்று நாலு மாடியையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன். வீட்டுக்குள் போனதும் பழக்கத்தில் சவரத்துக்குத் தண்ணீர் பிடித்தேன். ரேசரைத் தேடினேன். அதையும் சகலைதான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே வாசலில் மாமனாரின் நாற்காலி. பக்கத்தில் சகலை குனிந்து நின்று, என் ரேசரால் அவர் கன்னத்தை வழித்துக்கொண்டிருந்தார். எதையோ சொன்னார் போலிருக்கிறது, மாமனார் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் மேலே வரவில்லை. மாமனாருக்கும் உச்சியில் வழுக்கை விழுந்திருந்தது. இங்கிருந்து அது மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

சட்டையில் பேட்ஜ் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.